பென்ஃபோல்ட் எதிர் மூக்காயி

கடிதம் செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு வந்தது. தபால்காரர் அதைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகவில்லை. தோட்டத்துக் கடிதங்கள் ஒப்பீஸில் இரண்டு வாரம் கிடக்கும் என்று அவருக்குத் தெரியும். றக்வான பஸ் நிலையத்துக்கு எதிரே, ஹலீமின் போட்டோகொப்பிக் கடையில் விஜயகலா வேலை செய்வதும் தெரியும். கண்ணாடி மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

முகவரியில் அவளுடைய அம்மாவின் பெயர் இருந்தது. ஜீவராணி, மேற்கணக்கு, வெல்பர்ன் தோட்டம். உள்ளே சிங்களத்தில் ஒரு பக்கம். பதினொரு வருடமாக விஜயகலா அந்தக் கடையில் மற்றவர்களுக்கு மூன்று மொழிகளில் மனு தட்டச்சு செய்கிறாள். இப்படிப்பட்ட கடிதத்தை ஒரு தரம் வாசித்தால் போதும். இரண்டு தரம் வாசித்தாள்.

தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கில், வரிசை வீடுகளான லயங்களை உடைத்து நாற்பத்திரண்டு தனி வீடுகள் கட்டப்போகிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஏழு பேர்ச்சஸ் காணி, உறுதிப் பத்திரத்தோடு. பட்டியலில் ஜீவராணியின் பெயர் சேர்க்கப்படவில்லை. 1984க்கு முன் அந்தக் குடும்பம் தோட்டத்தில் வசித்ததற்கு ஆதாரம் இல்லை. இப்போது இருக்கும் ஓர் அறை லயக் காம்பராவை வேலை தொடங்குமுன் ஒப்படைக்க வேண்டும். ஆட்சேபம் இருந்தால் இருபத்தெட்டாம் தேதி பிரதேச செயலகத்தில் விசாரணை.

அதற்கு இருபத்து மூன்று நாள் இருந்தது.

ஹலீம் மெஷினுக்குத் தாள் போட்டபடி திரும்பிப் பார்த்தார்.

"என்னவாம்?"

"நாங்க வந்தேறிங்களாம், நானா."

"எங்கேருந்து வந்தீங்களாம்?"

"அத எழுதல."

"அப்ப எங்க போகச் சொல்றாங்களாம்?"

"அதையும் எழுதல."

எழுபத்தேழு இனக் கலவரத்தில் மேற்கணக்கின் லயங்களை எரித்தார்கள். விஜயகலாவின் அப்பா அப்போது வவுனியாவுக்குப் போனார். அங்கே நிவித்திகலயிலிருந்து வந்திருந்த ஜீவராணியைக் கட்டினார். எண்பத்து நாலில் அங்கிருந்தும் விரட்டப்பட்டுத் திரும்பி வந்தார். தோட்டத்தின் புதிய புத்தகத்தில் அவர் பெயர் அந்த வருடத்திலிருந்துதான் இருக்கிறது. பழைய புத்தகங்கள் ஒப்பீஸோடு எரிந்துபோயின. அப்பா இறந்து ஆறு வருடம்.

"எங்கட வாப்பா கோர்ட்டுல பியூனா இருந்தவர்," என்றார் ஹலீம். "பழைய வழக்குப் புத்தகம் எல்லாம் லொறில ஏத்தி கொழும்புக்கு அனுப்பினதாம். சுவடிக்கூடத்துக்கு. அரவாசி வழக்கு தோட்டத்து ஆக்கள்டதாம். களவு இல்ல, அடிதடி இல்ல. காலையில ஆள் எண்ணுற பெரட்டுக்கு வராத வழக்கு."

"பெரட்டுக்கு வராததுக்கு வழக்கா?"

"சொல்லாமத் தோட்டத்த விட்டுப் போனா மறியல், ஜெயில்தான். வெள்ளக்காரன்ட சட்டம். எழுதிறதெல்லாம் இங்கிலீஸ்ல. பேரு, ஊரு, புருசன் பேரு, எந்தத் தோட்டம், எல்லாம் எழுதுவானாம். ஒங்கட ஒப்பீஸ் எரிஞ்சிச்சு. கோர்ட்டு எரியல்லையே."

"எங்க குடும்பத்துல யாரும் மறியலுக்குப் போகல, நானா."

"போயிருக்கணும்னு துஆ கேளு."

*

வீட்டில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு இருந்தது. அதில் வவுனியாவுக்குப் போய்த் திரும்பி வந்த ஒரே தாள் இருந்தது. 1956இல், அப்பாவைப் பெற்ற தாத்தா வீரனுக்கு வந்த கடிதம். வீரன், வயது நாற்பத்தேழு, தந்தை கறுப்பன், தாய் மூக்காயி. பிரஜாவுரிமை விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. தொடர்ச்சியான வதிவிடம் நிரூபிக்கப்படவில்லை. முகவரியில் றக்வான என்று மட்டும் இருந்தது.

ஜீவராணி அதை வெளியே எடுக்க விடவில்லை.

"இதக் கொண்டுபோய்க் காட்டப்போறியா? அன்னைக்கே இல்லன்னு எழுதியிருக்கான். இன்னைக்கும் அதப் பாத்து இல்லன்னுதான் எழுதுவான்."

"பேரு இருக்குல்லம்மா. எனக்குப் பேருதான் வேணும்."

"பேர வெச்சு வீடு கட்டுவியா?"

விஜயகலா தாளைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். நாற்பத்தேழைக் கழித்தாள். 1909.

மறுநாள் கன்னையாவைப் பார்க்கப் போனாள். அவர் தோட்டத் தலைவர். தொழிற்சங்கம், கோயில் கமிட்டி, இப்போது வீட்டுக் கமிட்டி, மூன்றிலும் அவர்தான். அவருடைய தாத்தாவும் கன்னையா, மேற்கணக்கில் வேலையாட்களை மேற்பார்த்த கங்காணி. அந்தப் பெயர் பேரனுக்கு வந்தது. எழுபத்தேழில் அவர் குடும்பத்தார் தோட்டத்தை விட்டுப் போகவில்லை. மூன்று நாள் காட்டில் இருந்துவிட்டுத் திரும்பினார்கள்.

அவர்கள் வீட்டுக்கும் இவர்கள் வீட்டுக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது. கல்யாணத்துக்குச் சொல்வார்கள். போனால் சாப்பிட மாட்டார்கள். காரணம் கேட்டால் யாருக்கும் தெரியாது.

"வா புள்ள," என்றார் கன்னையா. நாற்காலியிலிருந்து எழவில்லை. "கடுதாசி வந்திருச்சா?"

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, தலைவரே?"

"கமிட்டில பேசினோம்."

"எங்கப்பாவும் நீங்களும் ஒரே பள்ளிக்கூடம். எழுபத்தேழுக்கு முன்னாடி அவர் இங்க இருந்தாருன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க."

"ஓங்கப்பனைத் தெரியாதுன்னு நான் சொல்லல. எழுதிக் குடுக்க முடியாதுன்னு சொல்றேன். ஒனக்கு ஒண்ணு எழுதினா நாளைக்குப் பத்துப் பேரு வருவான்."

"நாப்பத்திரண்டாவது பேரு யாரு தலைவரே?"

கன்னையா வெற்றிலையை மடித்தார். நாற்பத்திரண்டாவது பெயர் அவருடைய இளைய மகன் கிருஷாந்த். கொழும்பில் கடை வேலை. மூத்தவன் பெயர் ஏற்கெனவே ஏழாவதாக இருந்தது.

"அது கமிட்டி முடிவு," என்றார்.

"கமிட்டின்னா நீங்க."

"வாய் இருக்கு ஒனக்கு. ஓங்கப்பனுக்கு இல்லாத வாய். எங்கேருந்து வந்துச்சோ தெரியல."

*

முதல் பஸ்ஸில் கொழும்புக்குப் போனாள். சுவடிக்கூடத்தின் வாசிப்பு அறை குளிராக இருந்தது. பையை வெளியே வைக்கச் சொன்னார்கள். பேனா கூடாது, பென்சில் மட்டும். மேசையில் இருந்த பெண்ணின் சட்டையில் ரோஷானி என்று பெயர் குத்தியிருந்தது. இருவரும் சிங்களத்தில் பேசினார்கள்.

"பொலிஸ் கோர்ட், 1909, 1910," என்றாள் விஜயகலா. "எதிரியின், குற்றம் சாட்டப்பட்டவளின், பெயர் மூக்காயி."

"எதிரி பெயருக்கு அட்டவணை இல்லை, மிஸ். முறைப்பாட்டாளர் பெயருக்குத்தான் இருக்கிறது."

"வெல்பர்ன் தோட்டம்."

"தோட்டத்தின் பெயருக்கும் இல்லை. வழக்குப் போட்ட ஆளின் பெயர். தோட்டத்து சுப்பரிண்டன்."

"ஏன் அப்படி?"

"எதிரிகள் ஆயிரக்கணக்கில். தொரை ஒருத்தர். கிளார்க்குக்கு எது சுகம்?"

பெயர் இல்லாமல் தேடினால் எவ்வளவு காலம் ஆகும் என்று விஜயகலா கேட்டாள். ரோஷானி தள்ளுவண்டியைக் காட்டினாள். நாடாவால் கட்டிய கட்டுகள் மூன்று தட்டு உயரத்துக்கு இருந்தன.

"இது 1909இல் மூன்று மாதம்."

ஒரு கட்டைப் பிரித்தாள். மாலை வரை முப்பத்தொரு வழக்கு வாசித்தாள். மண்ணிறமாகிப்போன மை, ஒரே கிளார்க்கின் சாய்ந்த எழுத்து. இராமாயி, சொல்லாமல் விலகியது, இரண்டு வாரம். பழனி, சொல்லாமல் விலகியது, ஒரு மாதம். செல்லம்மா, வேலைக்கு வர மறுத்தது, பத்து நாள். எதுவும் வெல்பர்ன் இல்லை. முப்பத்தொருவரின் பெயர்களையும் தன் கொப்பியில் பென்சிலால் எழுதிக்கொண்டாள். ஏன் எழுதினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. விட்டுவிட்டு வர மனம் வரவில்லை.

*

தோட்டத்தில் வயதானவர்கள் நான்கு பேரிடம் கேட்டாள். தொரைமார் எல்லாரையும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பூனைக்கண்ணுத் தொரை. கட்டத் தொரை. நாய்த் தொரை, அவருக்கு எட்டு நாய். அதற்கெல்லாம் முந்தியவர் சுங்கான் தொரை. வாயில் எப்போதும் சுங்கான், புகைக்குழாய், இருக்குமாம்.

"அவரு பேரு என்னங்க?"

"அதான் சொன்னேனே. சுங்கான் தொரை."

"அவங்க அம்மா வெச்ச பேரு?"

"அது அவங்க அம்மாவுக்குத் தெரியும்."

நூறு வருடம் தொரைமாரைத் தோட்டத்து ஆட்கள் பெயர் சொல்லாமலே வைத்திருந்தார்கள். அது அவர்களுக்கு ஒரு சந்தோஷமாக இருந்திருக்கும். இப்போது அதுவே வழியை அடைத்தது.

கோயில் மணியில் இங்கிலீஸ் எழுத்து இருந்தது அவளுக்கு நினைவு வந்தது. மாரியம்மன் கோயில் முகப்பில் தொங்கும் பெரிய மணி. ஒவ்வொரு திருவிழாவிலும் கன்னையா மைக்கில் அதைப் பற்றிச் சொல்வார். தன் தாத்தா கன்னையா கங்காணி தோட்டத்துக்குக் கொடுத்த மணி. எழுத்து கரியிலும் எண்ணெயிலும் புதைந்து கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கவ்வாத்துக்காரரிடம் வாங்கிய ஏணியோடு போனாள். புளியும் சாம்பலும் கொண்டுபோனாள். விளிம்பைத் தேய்க்கத் தேய்க்கப் பித்தளை வெளியே வந்தது. பூசாரி ஒரு தடவை ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

கன்னையா படி ஏறி வந்தார்.

"யாரக் கேட்டு ஏறுன?"

"அம்மனுக்குத் தொண்டு, தலைவரே. மணி கறுத்துப்போய் இருந்துச்சு."

"எறங்கு."

"இன்னும் ரெண்டு எழுத்து."

முழுவதும் தெரிந்தது. அவள் வாசித்தாள், முதலில் இங்கிலீஸில், பிறகு தமிழில். வெல்பர்ன் தோட்டத்துத் தொழிலாளருக்கு, சுப்பரிண்டன் சி. எச். பென்ஃபோல்ட் கொடுத்தது, 1908.

பூசாரி கன்னையாவைப் பார்த்தார். பிறகு மணியைப் பார்த்தார்.

"வெட்டுனது தொரை பேரு," என்றார் கன்னையா. "குடுத்தது எங்க தாத்தா. அந்தக் காலத்துல அப்பிடித்தான்."

"இருக்கலாம்," என்றாள் விஜயகலா. கைச் சாம்பலைப் பாவாடையில் துடைத்தாள். "எனக்கு வெட்டுன பேரு போதும்."

*

இரண்டாம் முறை போனபோது இருபது நிமிடம்தான் ஆனது. அட்டவணையில் பென்ஃபோல்ட் என்ற பெயருக்குக் கீழ் அறுபத்து நான்கு வழக்குகள் இருந்தன. ஐம்பத்தேழாவது, பென்ஃபோல்ட் எதிர் மூக்காயி. அறுபத்து மூன்றாவது, பென்ஃபோல்ட் எதிர் மூக்காயி.

ரோஷானி கட்டை எடுத்துவந்து நாடாவை அவிழ்த்தாள்.

முதல் வழக்கு இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் குற்றச்சாட்டு. 1909 ஜூன் பதினாலாம் தேதி, கறுப்பனின் மனைவி மூக்காயி, வெல்பர்ன் தோட்டத்து மேற்கணக்குத் தொழிலாளி, முன்னறிவித்தல் இல்லாமலும் நியாயமான காரணம் இல்லாமலும் வேலையை விட்டு விலகினாள்.

இரண்டாம் பக்கத்தில் சாட்சி.

கன்னையா, சில்லறைக் கங்காணி, உறுதியெடுத்துக் கூறுவது: எதிரியை அறிவேன். அவள் என் தங்கை. நாங்கள் இருவரும் இத்தோட்டத்து மேற்கணக்கில் பிறந்தவர்கள். அன்று காலை பெரட்டுக்கு அவள் வரவில்லை. நான் தேடிப் போனேன். பெல்மதுளை ரோட்டில் பிடித்தேன். அவளிடம் கைக்குழந்தை இருந்தது. குழந்தையின் பெயர் வீரன்.

அதற்குக் கீழே எதிரியின் வாக்குமூலம். இரண்டு வரி.

நான் போனது உண்மை. திரும்பிப் போக மாட்டேன்.

நீதவான் அவளிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். எச்சரித்து விட்டுவிட்டால் தோட்டத்துக்குத் திரும்பிப் போகச் சம்மதமா என்று. கிளார்க் அதையும் எழுதியிருந்தான். பதிலையும் எழுதியிருந்தான். எதிரி மறுக்கிறாள். மூன்று வாரம் கடூழியச் சிறை.

இரண்டாவது வழக்கு பத்து மாதம் கழித்து. அதே தோட்டம், அதே குற்றம், அதே சாட்சி. எதிரி முன்னர் தண்டிக்கப்பட்டவள். எதிரி கூறுவது: முன்பு சொன்னதையே சொல்கிறேன். ஆறு வாரம்.

விஜயகலா எழுதிக்கொள்ளவில்லை. கையைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தாள். மூக்காயிக்கு அப்போது என்ன வயது என்று யாரும் எழுதவில்லை. கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் பெருவிரல் அடையாளம் இருந்தது. ரேகைகூடத் தெரிந்தது.

"கிடைத்ததா?" என்றாள் ரோஷானி.

"என் அப்பாவின் அப்பத்தா. இரண்டு தரம் மறியலுக்குப் போயிருக்கிறாள்."

ரோஷானி மன்னிப்புக் கேட்பதுபோல் கட்டை மூடப் போனாள்.

"நல்ல செய்திதான், மிஸ்," என்றாள் விஜயகலா. "எல்லாப் பக்கத்துக்கும் சான்றுப்படுத்திய கொப்பி வேண்டும்."

*

ஜீவராணி பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டாள். அன்று சாயந்தரம் கன்னையா வந்தார். அவர் அந்த வீட்டுப் படி ஏறியதை ஜீவராணி அதுவரை பார்த்ததில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"என்னமோ கொண்டுவந்திருக்கியாமே."

விஜயகலா வாசித்துக் காட்டினாள். ஒரு வார்த்தையும் விடவில்லை. பிடித்தேன் என்ற இடத்தில் அவர் வாசலைப் பார்த்தார்.

"அது எங்க தாத்தாவா இருக்காது."

"சில்லறைக் கங்காணி. மேக்கணக்கு. கன்னையா."

"கன்னையான்னு ஊரு பூரா ஆள் இருந்துச்சு."

"அப்ப உங்களுக்கு என்ன பயம் தலைவரே?"

ஜீவராணி மகளின் தோளைத் தொட்டாள். கன்னையா குரலைத் தாழ்த்தினார்.

"இங்க பாரு புள்ள. நீ ஒரு பொம்பள. கிழவி மறியலுக்குப் போன கதைய ஒரு ஒப்பீஸ்ல வெச்சு வாசிக்கப்போற. நாளைக்கு ஒன்னய யாரு மதிப்பா? மொதப் பக்கத்த மட்டும் கொண்டு போ. அதுல தோட்டத்துப் பேரு இருக்கு, கிழவி பேரு இருக்கு. ரெண்டாம் பக்கத்த வீட்டுல வை. நான் கடிதம் தாரேன். நாப்பத்து மூணாவது வீடு ஒண்ணு கேட்டுப் பாக்கலாம்."

"கடிதத்துல என்ன எழுதுவீங்க?"

"நல்ல குடும்பம். எண்பத்து நாலுல இருந்து எனக்குத் தெரியும். தோட்டத்துக்கு விசுவாசமான ஆளுங்க."

"எண்பத்து நாலுக்கு முன்னாடி?"

கன்னையா தோள் துண்டை மாற்றிப் போட்டார். விஜயகலா தாளைத் திருப்பினாள்.

"மொதப் பக்கத்துல கிழவி வேலைக்காரி. எங்கேருந்தோ வந்து எங்கேயோ போன ஆளு. ரெண்டாம் பக்கத்துலதான் அவ இங்க பொறந்தா. அத ஒங்க தாத்தாதான் சொல்லியிருக்காரு. வேற யாரும் சொல்லல."

"கலா, கடிதத்த வாங்கிக்கடி," என்றாள் ஜீவராணி. "ஒரு வீடுதானே வேணும்."

"பெறகு திருவிழா தோறும் மைக்குல சொல்லுவாரும்மா. இந்த வீடு நான் குடுத்ததுன்னு."

கன்னையா படி இறங்கினார். கீழே நின்று திரும்பினார்.

"கூடப்பொறந்தவளக் காட்டிக்குடுத்தவன் பேரன்னு என்னைய நடுவீதில நிக்க வைக்கப்போற. நல்லா இரு."

"நீங்க காட்டிக்குடுக்கலையே. எதுக்கு நீங்க நிக்கணும்?"

அவர் நடந்தார். ஜீவராணி நாற்காலியை உள்ளே எடுத்தாள். அதன்மேல் அவளே உட்கார்ந்தாள்.

"அதான் அவங்க வீட்டுல சாப்புடாம இருந்தாங்களா," என்றாள்.

*

விசாரணை அறையில் மின்விசிறி ஓடவில்லை. மேசைக்குப் பின்னால் உதவிச் செயலாளர், ஐம்பது வயதுப் பெண். ஒரு பக்கம் தோட்டத்தின் சின்னத்தொரை, உதவி சுப்பரிண்டன், வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆன இளைஞன். மறுபக்கம் வீட்டுக் கமிட்டியின் சார்பில் கன்னையா, வெள்ளைச் சட்டையில். ஜீவராணி சுவரோரம் உட்கார்ந்தாள். விஜயகலா நின்றாள். பேச்சு சிங்களத்தில் நடந்தது.

உதவிச் செயலாளர் முதலில் 1956ஆம் ஆண்டுக் கடிதத்தை வாசித்தார்.

"இது உங்களுக்கு எதிரான கடிதம். வதிவிடம் நிரூபிக்கப்படவில்லை என்று எழுதியிருக்கிறது."

"வீரனின் தாய் மூக்காயி, தந்தை கறுப்பன் என்றும் எழுதியிருக்கிறது, மெடம். அதற்காகத்தான் கொண்டுவந்தேன்."

பிறகு வழக்குத் தாள்களை எடுத்தார். மெதுவாக வாசித்தார். ஓர் இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதில் உங்கள் குடும்பத்துப் பெண் குற்றவாளி என்று இருக்கிறது."

"ஆமாம், மெடம். இரண்டு தரம்."

"இதைத் தாக்கல் செய்ய உங்களுக்கு ஆட்சேபம் இல்லையா?"

"சத்தமாக வாசிக்கவும் தயார்."

வாசிக்கச் சொன்னார். விஜயகலா இங்கிலீஸில் வாசித்து வரிக்கு வரி சிங்களத்தில் சொன்னாள். அம்மா பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னாள். அவசரப்படவில்லை. சாட்சியின் பெயர் வந்தபோதும் அதே குரலில் வாசித்தாள். கன்னையா தன் முழங்கால்களில் கைகளை வைத்திருந்தார்.

சின்னத்தொரை சிரித்தான்.

"மெடம், அந்த அம்மாவே சொல்லியிருக்கிறார், திரும்பிப் போக மாட்டேன் என்று. இந்தத் தோட்டம் வேண்டாம் என்று நீதிமன்றத்தில் சொன்னவர். அவர் பெயரில் இப்போது காணி கேட்கிறார்கள்."

"வேண்டாம் என்றுதான் சொன்னாள், சேர்," என்றாள் விஜயகலா. "பத்து மாதம் கழித்து உங்கள் ஒப்பீஸ் அவள்மேல் இரண்டாவது வழக்குப் போட்டிருக்கிறது. தோட்டத்தில் இல்லாத ஆள் தோட்டத்தை விட்டு எப்படி ஓடுவாள்? அவளை யார் திருப்பிக் கொண்டுவந்தது?"

அவன் தாள்களைப் பார்த்தான்.

"அவள் போகிறேன் என்றாள். நீங்கள் விடவில்லை. நாங்கள் இருக்கிறோம் என்கிறோம். இப்போது போகச் சொல்கிறீர்கள்."

"சரி, சரி," என்றார் உதவிச் செயலாளர். அவர் பேனாவைத் திறந்தார், ஆனால் எழுதவில்லை. "ஒரு பிரச்சினை இருக்கிறது. மூக்காயி, கறுப்பன், வீரன். இந்தப் பெயர்கள் அந்தக் காலத்தில் எல்லாத் தோட்டத்திலும் இருந்தன. கடிதத்தில் இருக்கும் மூக்காயியும் வழக்கில் இருக்கும் மூக்காயியும் ஒருத்திதான் என்று நான் எப்படி எழுதுவது?"

"சாட்சி அவளுடைய அண்ணன், மெடம். அண்ணன் குடும்பம் இன்னும் மேற்கணக்கில் இருக்கிறது. உங்கள் பட்டியலில் முதல்தரக் குடும்பமாக இருக்கிறது. இரண்டு வீடு."

உதவிச் செயலாளர் பட்டியலின் கோப்பை வரவழைத்தார். ஏழாவது பெயருக்கான தாள்களைப் புரட்டினார். அதில் கன்னையா கொடுத்த ஆதாரம் இருந்தது. பெரிய கங்காணி ஒருவரின் நற்சான்றுக் கடிதம், 1912. கன்னையா, சில்லறைக் கங்காணி, மேற்கணக்கு, வெல்பர்ன், நேர்மையான ஆள்.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"பெயர் ஒன்று. வேலை ஒன்று. ஆள் ஒன்றா என்று தாள் சொல்லாது." அவர் கன்னையா பக்கம் திரும்பினார். "தலைவர், உங்கள் தாத்தாவுக்கு ஒரு தங்கை இருந்தாரா? நீங்கள் ஆம் என்று சொன்னால் நான் இப்போதே எழுதுகிறேன். பட்டியலில் நாற்பத்திரண்டு பேர்தான். ஒரு பெயர் போகவேண்டும். அது உங்களுக்கும் தெரிந்திருக்கும்."

கன்னையா தொண்டையைச் செருமினார். சட்டைப் பையில் இருந்த கைக்குட்டையை எடுத்தார். மறுபடி வைத்தார். சின்னத்தொரை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுவரோரத்தில் ஜீவராணி எழுந்து நின்றாள்.

விஜயகலா இரண்டாம் பக்கத்தை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தாள். அதைக் கன்னையாவின் முழங்கால்மேல் வைத்து, சாட்சியின் பெயரில் விரலை வைத்தாள். சிங்களத்தை விட்டுத் தமிழில் பேசினாள். அவரைத் தலைவரே என்று கூப்பிடவில்லை.

"மாமா, இந்த ஆளு யாருன்னு நீங்களே சொல்லுங்க."